சரளையில் அடைகாத்த உப்புக்கொத்தி

அந்தக் குருவியை முதலில் நான் கல் என்றே நினைத்தேன். சன்னலுக்கு வெளியே பரப்பிக் கிடந்த சரளையில் ஒரு கல் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடியது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் திடுக்கிட்டிருப்பார்கள். எனக்கு அப்போது எதுவுமே திடுக்கிடும்படி இல்லை. கல் ஓடுகிறது, ஓடட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் மௌத்தாகிவிட்டால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். நகை, பூ, மை எதுவும் கிடையாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. எங்கள் மார்க்கத்தில் அதற்குப் பெயர்தான் இத்தா. பொங்கல் கழிந்து, அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டுக் கூட்டம் கலைந்து, ரோட்டோரக் கம்புகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் போய்விட்டார். பழங்காநத்தத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். காலையில் வழக்கம்போலத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேலை மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் போனில் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. அவரைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, கூடத்தில் கிடத்தியிருந்தபோது பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவித் தடவி, வாய்விட்டு அழுதுவிடு, உள்ளே வைத்துக்கொள்ளாதே என்றாள். முயன்றும் பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்கும்? கிள்ளுவது தெரியும், வலிக்காது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது வாசற்கதவுக்குப் பின்னால் நின்றேன். பிறகு உள்ளே வந்து, கூடத்தில் கலைந்து கிடந்த பாய்களைச் சுருட்டி வைத்தேன். அதைப் பார்த்த ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் தேவையில்லை.

அந்த மாதங்களில் என்னிடம் மிச்சமிருந்த ஒரே சொல் ‘சரி’. சாப்பிடு என்றால் சரி. தூங்கு என்றால் சரி. பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று என்றால் சரி. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். எந்தப் பிள்ளையாவது எல்லாக் கேள்விக்கும் சரி சரி என்று தலையாட்டினால் அதற்கு ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வேன். என்னிடம் அப்படி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு பொறுமை பார் என்றார்கள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த அன்றைக்கு அண்ணன் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார். எனக்கு ஒரே அண்ணன். எங்களைப் பெற்ற அத்தா போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை எங்களைவிட அதிகமாக நினைத்து வருந்தியவரும் அவர்தான். “இத்தா கழிஞ்சதும் நீ நம்ம வீட்டுக்கு வந்துரும்மா. இத வாடகைக்கு விட்ருவோம். ஒத்தையா இங்க கெடந்து என்ன செய்யப் போற?” என்றார்.

சரி என்றேன்.

அதன்பிறகு அது முடிந்த பேச்சாகிவிட்டது. டவுனுக்குள் இருக்கிற தன் வீட்டு மாடி அறைக்கு அண்ணன் வெள்ளையடித்தார். எனக்காக ஒரு கட்டில் வாங்கிப் போட்டார். என்னோடு தங்கியிருந்த மதினி, அதாவது அண்ணன் மனைவி, சமையலறைச் சாமான்களில் எதையெல்லாம் எடுத்துக்கொள்வது, எதையெல்லாம் யாருக்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு நாளும் பிரித்துக்கொண்டிருந்தாள். என் இட்லிக் கொப்பரை யார் வீட்டுக்குப் போகப்போகிறது என்பது எனக்கு முன்னால் அந்த வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடம் இது என்று மட்டும் தெரிந்தது.

இந்த வீடு அவனியாபுரத்தைத் தாண்டி, விமான நிலையம் போகிற பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ஒதுங்கி ஒரு சின்னக் கண்மாயை ஒட்டி இருக்கிறது. நானும் புருஷனும் கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரில் இடிக்கிற சந்துக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். இங்கே இடம் வாங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லாம், காட்டுக்குக் குடிபோகிறார்கள் என்று கேலி பேசினார்கள். ஆட்டோக்காரர்கள்கூட வர மாட்டேன் என்றார்கள். அவருக்கு இந்த வெட்டவெளி பிடித்திருந்தது. வீட்டின் பக்கவாட்டு இடம் மழைக்குச் சேறாகி வண்டி சறுக்கியதால் ஒரு லோடு சரளை அடித்து நிரவினார். இதற்கா இவ்வளவு கல், ரயிலா விடப் போகிறீர்கள் என்று கேட்டேன். விடுகிறேன், உனக்கு மட்டும் டிக்கெட் கேட்க மாட்டேன் என்றார். இப்படித்தான் பேசுவார். பெரிய பேச்சுக்காரர் இல்லை. சும்மா இருக்கிற நேரத்தில் இந்த மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்ப்பார்.

இத்தாவுக்கு மார்க்கம் சொன்ன சட்டங்கள் கொஞ்சம்தான். மீதியைச் சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கண்ணாடி பார்க்கக் கூடாது என்றார்கள். பிறையைப் பார்க்கக் கூடாது என்றார்கள். சன்னலுக்குத் துணி கட்டு, தெருவைப் பார்க்கக் கூடாது என்றார்கள். பக்கத்து மதரசாவில் பாடம் எடுக்கும் ஆலிமா ஒருநாள் வந்தபோது, இதெல்லாம் எந்தக் கிதாபிலும் இல்லை, சன்னல் வழியாகக் காற்று வாங்கினால் பாவமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மதினி தெருப் பக்கத்துச் சன்னலில் துணியைக் கட்டிவிட்டு, கண்மாய்ப் பக்கத்துச் சன்னலை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அந்தச் சன்னலுக்குக் கீழேதான் சரளை ஆரம்பிக்கும். அதைத் தாண்டி கரை, கரையைத் தாண்டி வற்றிக்கொண்டிருக்கும் தண்ணீர். நோன்பு மாதம் அந்தச் சன்னலிலேயே வந்து போனது. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்ப அண்ணன் போன் செய்வார். நான் எழுந்துதான் இருப்பேன்.

கல் ஓடியது நோன்புப் பெருநாள் கழிந்து, வெயில் ஏறிவிட்ட பிறகு. அது குருவி என்று தெரிந்தபின்பும் அதைக் கண்டுபிடிப்பது லேசாக இல்லை. நின்றால் காணாமல் போய்விடும். ஓடினால்தான் இருக்கிறது என்று தெரியும். ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, மைனாவைவிடச் சிறிது. முதுகு காய்ந்த மண்ணின் நிறம். வயிறு வெள்ளை. கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை, நெற்றியிலும் கண்ணிலும் கறுப்பு இழுத்துவிட்ட மாதிரி. கண்ணைச் சுற்றி மட்டும் நல்ல மஞ்சள் வளையம். இவ்வளவு அடக்கமாக உடுத்திக்கொண்டு கண்ணுக்கு மட்டும் இது எதற்கு என்று இருந்தது. எனக்கே மை மறுக்கப்பட்டிருந்த காலம் என்பதால் அது கண்ணில் பட்டதோ என்னவோ.

பக்கத்து வீட்டில் ஆடு வைத்திருக்கும் அக்காவிடம் சன்னல் வழியாகக் கேட்டேன். விவசாயக் குடும்பம், இந்தக் கண்மாயிலேயே பிறந்து வளர்ந்தவள். “அதுவா டீச்சர், ஏதோ கண்மாய்க் குருவி. அதுல கறி ஒண்ணும் இருக்காது” என்றாள். போனில் படம் எடுத்து, தேடிப் பார்த்ததில் பட்டாணி உப்புக்கொத்தி என்று வந்தது. உப்பையும் அது கொத்தவில்லை, பட்டாணியையும் கொத்தவில்லை. யார் வைத்த பெயரோ. குளிர்காலத்துக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டுத் திரும்பிப் போகிற உப்புக்கொத்திகளும் உண்டாம், வருஷம் முழுக்க இங்கேயே இருந்து குடும்பம் நடத்துகிறவையும் உண்டாம். ஆற்று மணல், வற்றின கண்மாய், கட்டடம் கட்டப் பரப்பின கல், இப்படிப் புல்லுகூட முளைக்காத இடமாகப் பார்த்துத்தான் குடியிருக்குமாம். காட்டுக்குக் குடிபோனவள் என்று என்னைச் சொன்னவர்கள் இதை என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் தினமும் பார்த்தேன். வேறு வேலை இல்லை. காலையில் கண்மாய்ச் சேற்றோரம் இறங்கிவிடும். நாலு எட்டு ஓடும், நிற்கும், ஒரு காலைச் சேற்றில் வைத்து நடுக்கும். நடுக்கத்தில் அடியில் இருக்கிற பூச்சி புழு அசையும்போலிருக்கிறது. உடனே குனிந்து ஒரு கொத்து. மறுபடி ஓட்டம். கொக்கும் மடையானும் அங்கேயே தண்ணீரில் இறங்கி நிற்கும். இது தண்ணீரில் இறங்காது. தண்ணீர் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்திலேயே அதன் பிழைப்பு முழுக்க நடந்தது. கூப்பிடும்போது மட்டும் இறங்குகிற குரலில் பியூ என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. மிக்சி ஓடினால் கேட்காது.

இதையெல்லாம் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆறுதலாக இல்லை. சுவரைப் பார்ப்பதற்குப் பதில் அதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒருநாள் இரண்டு வந்தன. ஒன்று சரளையில் நெஞ்சை வைத்து அழுத்திச் சுற்றியது. எழுந்து போனது. இன்னோர் இடத்தில் அதே மாதிரி அழுத்திச் சுற்றியது. வீடு பார்க்கிறவர்கள் மாதிரி நாலைந்து இடம் பார்த்தார்கள். கடைசியில் என் சன்னலிலிருந்து ஒரு கட்டில் நீளம் தள்ளி ஓர் இடம் பிடித்தது. கூடு என்று சொல்வதற்கு அங்கே எதுவுமில்லை. உள்ளங்கை அளவு பள்ளம், அதில் பொடிக் கல் கொஞ்சம். அடுத்த சில நாட்களில் அதில் முட்டைகள் சேர்ந்தன. மொத்தம் நான்கு, கூர்முனைகளை உள்பக்கம் வைத்து அடுக்கினாற்போல. மண்நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட முட்டைகள். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் எது கல், எது முட்டை என்று மறுபடியும் தேட வேண்டும். ஆண் கொஞ்ச நேரம், பெண் கொஞ்ச நேரம் மாறி மாறி உட்கார்ந்தன. எது ஆண், எது பெண் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. மத்தியான வெயிலில் உட்காராது. முட்டைக்கு மேலே கால்களை அகட்டி நின்று நிழல் கொடுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே நிற்கும். இன்னொன்று கண்மாயில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து மாற்றிவிடும்.

அந்த மாற்றிவிடுவதைப் பார்க்கும்போது மட்டும் நான் சன்னலைவிட்டு எழுந்து போய்விடுவேன். அது பொறுக்கவில்லை. அவர் கடையிலிருந்து மத்தியானம் வந்து, நீ போய்க் கொஞ்சம் படு, பாத்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. வேறு எந்த இடத்திலும் வராத நினைப்பு அங்கே வந்தது. வந்தும் கண்ணீராக மாறவில்லை.

பக்கத்து வீட்டு ஆடு ஒன்று ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு சரளையில் ஏறியது. முட்டையை நோக்கியே வந்தது. உட்கார்ந்திருந்த குருவி எழுந்து ஆட்டின் முன்னால் ஓடி, ஒரு இறக்கையைத் தரையில் விரித்துப் போட்டு, உடைந்தாற்போல இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. வால் விரிந்து கிடந்தது. ஆடு மிதித்துவிட்டது என்றே நினைத்தேன். ஆடு அதைப் பார்த்துவிட்டு, எனக்கென்ன என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஆடு நகர்ந்ததும் குருவி இறக்கையை மடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடி வந்து உட்கார்ந்துவிட்டது. முட்டையைக் காப்பாற்ற அடிபட்டதுபோல நடிக்கிறது. பகைவன் தன் பின்னால் வந்தால் போதும், முட்டையை விட்டுவிடுவான் என்பது அதன் கணக்கு.

பக்ரீத் போனது. இத்தா கழிய ஒரு நாள்தான் மிச்சம். கழிகிற அன்று சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு ஃபாத்திஹா ஓதி, நெய்ச்சோறும் தால்ச்சாவும் போட்டு, அன்று சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அண்ணன் முந்தின வாரமே போனில், பந்தலை வீட்டுக்குப் பக்கத்து இடத்தில் போட்டுவிடலாம், அடுப்பையும் அங்கேயே வெட்டிவிடலாம் என்று கேட்டிருக்கிறார். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். என்ன கேட்டார் என்பதே என் காதில் ஏறவில்லை. பக்கத்து இடம் என்றால் இந்தச் சரளைதான் என்பது, மறுநாளைக்கு வேண்டிய பைப்புகளை ஏற்றிக்கொண்டு பந்தல்காரர்களின் குட்டியானை வண்டி வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டில் யாருமில்லை. மதினியும் அண்ணனும் காய்கறி வாங்கப் பரவை மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணனுக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்த இரைச்சலில் எங்கே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன், அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். வெளியே இரும்புப் பைப்புகளைத் தரையில் போடுகிற சத்தம் கேட்டது. கண்மாய்ப் பக்கத்துச் சன்னலில் போய்ப் பார்த்தேன். குருவி எழுந்து கத்திக்கொண்டு சுற்றுகிறது. ஒரு ஆள் கடப்பாரையோடு, குழி தோண்ட இடம் பார்த்து, நேராக அங்கேதான் நடந்து வருகிறார். சன்னலிலிருந்து கூப்பிட்டேன். பல நாளாகப் பேசாத குரல், வண்டியின் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

ஒரு நாள் மிச்சம் என்று எனக்குத் தெரியும். வெளியே நிற்பது மூன்று அந்நிய ஆண்கள் என்றும் தெரியும். துப்பட்டியைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். என் செருப்புகளை மதினி எப்போதோ மூட்டை கட்டிவிட்டிருந்தாள். மத்தியானச் சரளை, வெறுங்கால். இரண்டாவது எட்டிலேயே பாதம் சுட்டது. நன்றாக வலித்தது. அவர் போனபிறகு எனக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, இங்க வேணாம்” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்துவிட்டு, இன்னார் என்று புரிந்ததும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடப்பாரை வைத்திருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “ஒங்க அண்ணன்தானம்மா இங்கன போடச் சொன்னாரு” என்றார்.

“வீடு என்னோடதுண்ணே.”

என் காதுக்கே அது புதிதாகக் கேட்டது. அவர் காலுக்கு இரண்டு சாண் முன்னால் இருந்த முட்டைகளைக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. இங்கே, இந்தக் கல்லுக்குப் பக்கத்தில், கறுப்புப் புள்ளி போட்டது என்று குனிந்து காட்டினேன். தெரிந்ததும் கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். கோழி முட்டையாக இருந்தால் பார்த்திருப்பேனே என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். பைப்புகளைத் திரும்ப வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் குருவி என் முன்னால் வந்து விழுந்தது. இறக்கையைப் போட்டு இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, இரண்டு எட்டு போய்த் திரும்பி என்னைப் பார்த்தது. அவர்களிடம் அல்ல, என்னிடம். முட்டைக்கு மேலே குனிந்து நின்றவள் நான்தானே. இவ்வளவு நாள் சன்னலில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? எனக்கு நடிப்பு என்று தெரியும். தெரிந்தும் அது கூப்பிட்ட பக்கமே நடந்தேன். வா என்கிறது, போவோம் என்று போனேன். கால் பொரிந்தது. சரளையைத் தாண்டி, கரைமேல் ஏறி, வேலிக்கருவை நிழல்வரைக்கும் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அது எழுந்து பறந்து திரும்பிவிட்டது. நாலு மாதத்துக்குப் பிறகு வெட்டவெளியில், தலைக்கு மேலே சன்னல் சட்டம் இல்லாத வானத்துக்குக் கீழே நான் தனியாக நின்றேன். விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் வந்தபோதும் அங்கேயேதான் நின்றேன். மதினி கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டாள். “ஒரு நா பொறுக்கக் கூடாதா, ஊரு என்ன பேசும்” என்றாள். அவளும் அந்த வீட்டுக்குள் என்னோடு அடைந்து கிடந்தவள், கோபம் நியாயம்தான். அண்ணன் என்னைத் திட்டவில்லை. பந்தல்காரர் காட்டிய இடத்தில் குனிந்து முட்டைகளைப் பார்த்தார். பந்தலைத் தெருவில் போடச் சொன்னார். அடுப்பைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கு முன்னால் வெட்டச் சொன்னார். அன்று இரவு மதினி ஆலிமாவுக்கு போன் போட்டுக் கேட்டாள். அவசரத் தேவைக்குப் பகலில் வெளியே வந்தால் குற்றமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு குருவி முட்டை எப்படி அவசரத் தேவையாகும் என்று மதினி என்னிடம் கேட்டாள்.

மறுநாள் குளித்து, அண்ணன் எடுத்துவந்த இளம்பச்சைச் சேலையைக் கட்டினேன். தெருவில் பண்டாரி நெய்ச்சோற்றைக் கிளறுகிற வாசம் வீடு முழுக்க வந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அவர்கள் அழுதார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். ஒவ்வொரு தோளுக்கு மேலாகவும் சன்னலைப் பார்த்தேன். காலையிலேயே ஒரு முட்டை பொரிந்திருந்தது. சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது பள்ளத்தில் மூன்று குஞ்சுகள் இருந்தன. குஞ்சு என்றால் பஞ்சு ஒட்டின தீக்குச்சிக் கால்கள்தான். ஈரம் காய்ந்ததுமே எழுந்து ஓடின. பிறந்த அன்றைக்கே ஓட்டம். தாயோ தகப்பனோ ஒரு சத்தம் கொடுத்தால் அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டன, கல்லாகிவிட்டன. சத்தம் நின்றதும் மறுபடி ஓட்டம். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் தாயும் தகப்பனும் மூன்றையும் கூட்டிக்கொண்டு கரை ஏறி, கண்மாய்க்குள் இறங்கிவிட்டன. நான்காவது முட்டை பொரியவில்லை. அது அங்கேயே கிடந்தது. எறும்பு ஏற ஆரம்பித்திருந்தது.

விருந்தாளிகள் கலைந்தார்கள். பந்தலை அவிழ்த்தார்கள். மதினி என் துணிப்பையைக் கொண்டுபோய்க் காரின் டிக்கியில் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டு, நான் வராததைப் பார்த்து இறங்கி வந்தார்.

“ஏறும்மா, இருட்டுறதுக்குள்ள போயிருவோம்.”

“நான் வரலண்ணே.”

அவர் கண்மாய்ப் பக்கம் பார்த்தார். நேற்றைய கூத்தை நினைத்துக்கொண்டார்போலும். அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. “குருவிதான் குஞ்சோட போயிருச்சேம்மா. இன்னும் இங்க என்ன இருக்கு ஒனக்கு?”

என்ன இருக்கிறது என்று நானும் யோசித்தேன். வாடகைக்கு விடுவதற்காகக் கழுவித் துடைத்த வீடு இருந்தது. பிரித்துக் கொடுத்தது போக நாலு பாத்திரம் இருந்தது. பொரியாத ஒரு முட்டை இருந்தது. இதையெல்லாம் சொல்லி அண்ணனைச் சமாதானப்படுத்த முடியாது. அவரிடம் இதுவரைக்கும் நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இருப்பதை இருக்கிறபடி சொன்னேன்.

“எனக்கு இன்னும் அழுகையே வரலண்ணே. ஒரு சொட்டு வரல. அது என்னைக்காச்சும் வரும்ல? வர்றப்ப நான் எங்க வீட்ல இருக்கணும்.”

வீட்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, அண்ணன்தான் அழுதார். தோள் குலுங்கியது. மதினி காருக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்கவில்லை. நான் அவர் முதுகைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கைலியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிக்கியைத் திறந்து, என் பையை எடுத்து வந்து வாசலில் வைத்தார்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.